தண்ணீர் கசந்த நாட்களும் அண்ணனின் நோட்டும்

வரதராஜப் பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அண்ணன் மறைந்து எட்டு வருஷமாகிறது. ஒவ்வொரு திதிக்கும் இதை எழுத உட்கார்ந்து, முதல் வரியோடு எழுந்துவிடுவேன். இந்த வருஷம் அண்ணிதான், "நீ சுமந்தது போதும்பா, எழுதிடு" என்றார்.

அண்ணன் ஐயம்பேட்டையில் பிறந்தவர். அப்பா தவறியபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு நாலு. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தே வந்தார். பட்டுக்குச் சாயம் போடும் தொழில் கற்றார். பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்து என்னையும் ஆளாக்கினார்.

தினமும் விளக்கேற்றியதும் நோட்டை எடுத்து அன்று கண்டதை எழுதுவார். மழை, வெயில், ரேஷன் அரிசிக்கு நின்றது, எந்தப் பட்டில் என்ன நிறம் இறங்கியது எல்லாம் இருக்கும். தெருவில் எதற்காவது வாக்குவாதம் வந்தால் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். "பொய் எழுதின நோட்டு எதுக்குடா, அடுப்பெரிக்கவா?" என்பார்.

சாயத்துக்குத் தண்ணீர்தான் உயிர். விடிந்ததும் கிணற்றில் முதல் வாளி இறைத்து, அண்ணன் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். அடுத்து நான். பெரியவர் சொன்ன ருசியை மறுத்துப் பேசுவது எங்கள் பட்டறையில் வழக்கமில்லை.

ஓர் ஐப்பசியில் அண்ணன் வாளியைக் கீழே வைத்தார்.

"இன்னாடா, தண்ணி கசக்குது?"

எனக்கு எப்போதும்போல் இனிப்பாகத்தான் இருந்தது. "ஆமாண்ணா, கசக்குது" என்றேன்.

அண்ணி குடித்துப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே!"

"தண்ணிய பத்தி உனக்கு இன்னா தெரியும்? நீ ரசம் வெக்கறவ."

"ரசம், சாயம், ரெண்டும் கொதிக்கிறதுதானே!"

அன்று நோட்டில் ஏறியது: "தண்ணீர் கசப்பு. தம்பியும் கசப்பு என்றான்." மறுநாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும். பட்டில் நிறம் மட்டும் பழையபடி பளிச்சென்றே இறங்கியது. அதையும் அவரே எழுதியிருக்கிறார்.

கிணற்றைத் தூர் வாரினோம். கசப்பு போகவில்லை. பக்கத்து வீட்டில் இறைத்தோம், அதுவும் கசந்தது. எதிர்த் தெருக் கிணறும் கசந்தது. கார்த்திகை முடிவதற்குள், அண்ணன் நோட்டின்படி, எங்கள் பக்கத்தில் நல்ல கிணறு ஒன்றுகூட இல்லை.

அந்த மாதக் கடைசியில் சாப்பாடு இறங்காமல் டாக்டரிடம் போனபோது நோட்டையும் எடுத்துப்போனார். டாக்டர் பொறுமையாகப் படித்தார்.

"உங்களுக்கு மட்டும் கசந்திருந்தா உடம்பைத்தான் சந்தேகப்படுவேன். தம்பிக்கும் கசக்குதுன்னு தினம் எழுதியிருக்கீங்களே. தண்ணிய மாத்துங்க."

நான் பின்னால்தான் நின்றிருந்தேன். உண்மை வாய்வரை வந்தது. நாக்குப் போன சாயக்காரரிடம் யார் பட்டு கொடுப்பார்கள்? அந்நியர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க மனம் வரவில்லை. பேசாமல் வந்துவிட்டேன்.

தை மாதம் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ஒருநாள் விடியற்காலையில் கிணற்றடியிலேயே விழுந்தார். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். உடம்பில் ஊறிய விஷம்தான் நாக்கில் கசந்ததாம். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். பங்குனியில் அண்ணன் பெருமாள் திருவடி சேர்ந்தார்.

காரியம் முடிந்து நோட்டைப் பிரித்தேன். மார்கழியில், நாங்கள் இருவரும் கோயிலுக்குப் போன நாளில் எழுதியிருந்தார்: "பெருமாள் தீர்த்தமும் கசந்தது. தீர்த்தம் கசக்காது. தம்பி முகம் சுளிக்காமல் குடித்தான். அவனைக் கேட்கவில்லை. கேட்டால் பாவம், அவன் உண்மையைச் சொல்ல வேண்டிவரும்."

அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இப்போது நானும் தினம் எழுதுகிறேன். முதல் வாளித் தண்ணீர் என் நாக்குக்கு எப்படியோ, அது மட்டும். நீங்களும் எழுதுங்கள். உடம்பு சொல்வதை நாம் மறந்தாலும் நோட்டு மறக்காது. ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் அதில் பொய் ஏற்றாமல் இருக்க வேண்டும்.

தங்கள் கிணற்றைக் கசப்பு என்றபோதும் கோபிக்காமல் வாளி தந்த தெருக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கால் பிடித்துவிட்ட நர்சம்மாவுக்கும், எல்லாம் தெரிந்தும் எனக்கு இன்றுவரை சோறு போடும் அண்ணிக்கும் என் நமஸ்காரம்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்காக இரங்கி எதையும் மாற்றிவிடாதீர்கள். தண்ணீர் இனிப்பாகத்தான் இருந்தது, தம்பி கசப்பு என்றான். அப்படியே சொல்லுங்கள்.