பாட்டுக்கு விட்ட இடம்

வேர்த்த வெல்வெட்டுக்கு ஒரு வாசனை உண்டு. கடையில் சுருட்டி வைத்திருக்கும் புதுத்துணியைச் சொல்லவில்லை. மேடையில் ஆடிப் பாடி அலுத்துத் திரும்பி வந்த ராஜா உடுப்பையும் ராணி உடுப்பையும் சொல்கிறேன். அரிதாரமும் வேர்வையும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மண்ணெண்ணெயும் சேர்ந்து அதில் ஏறியிருக்கும். வெல்வெட்டைத் துவைத்தால் மினுமினுப்பு போய்விடும் என்பதால், எங்கள் வீட்டில் அந்த உடுப்புகளை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் கொடி கட்டித் தொங்கவிட்டு, கீழே சாம்பிராணிச் சட்டியை வைத்துப் புகை காட்டுவார்கள். தெருவில் மற்றப் பிள்ளைகளுக்குச் சாம்பிராணி என்றால் வெள்ளிக்கிழமையும் சாமியும் நினைவுக்கு வரும். எனக்கு ராஜாக்களின் அக்குள்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது சாம்பிராணி போட்டால் வாசலிலேயே கொஞ்சம் நின்றுவிடுவேன். பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஐம்பதுகளில், திண்டுக்கல்லில் பேகம்பூருக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு இருந்தது. அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. அம்மா மரகதம் இசை நாடகக்காரர்களுக்கு உடுப்பு தைத்தாள். "டிரெஸ்காரம்மா வீடு" என்று சொன்னால் போதும், ரயிலடியில் நிற்கிற ஜட்கா வண்டிக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி ஊர்களில் அறுப்பு முடிந்து திருவிழாக்கள் தொடங்கிவிட்டால், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாரும் எங்கள் கூடத்தில்தான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ராஜா எங்கள் வீட்டு மாவாட்டும் கல்லில் உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா மற்றத் தையல்காரர்களைப் போல அளவெடுக்க மாட்டாள். எதிரே நிற்கிறவரின் நெஞ்சைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொண்டு, "பாடுங்க" என்பாள். சும்மா முணுமுணுத்தால் விடமாட்டாள். "மேல போங்க, இன்னும் மேல. கடைசியில உக்காந்திருக்கிற கெழவனுக்குக் கேக்க வேணாமா?" என்று அதட்டுவாள். மூச்சை நிரப்பிக்கொண்டு உச்சத்துக்குப் போகும்போது நாடா எவ்வளவு விரிகிறதோ அதுதான் அவளுக்குக் கணக்கு. தையலுக்கு விடுகிற துணி வேறு, இது வேறு. இதற்கு எங்கள் வீட்டில் "பாட்டுக்கு விடுறது" என்று பெயர். ஒருவருக்கு அது முதுகில் வேண்டியிருக்கும், இன்னொருவருக்கு வயிற்றில். சும்மா நிற்கும்போது எடுத்த அளவில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பாடினால், பாதிப் பாட்டில் கொக்கி தெறிக்கும், இல்லையென்றால் குரல் தெறிக்கும் என்பாள்.

சௌந்தரம் சித்திக்கு அது இடது விலாவில். சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடேயே இருந்தாள். ஸ்திரீபார்ட் போடுகிறவர்களில் அவளைப்போல எட்டுகிற குரல் எங்கள் சுற்றுப்பக்கத்தில் இல்லை என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். நான் அவள் அக்காள் மகள், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். அவளுக்கு அளவெடுக்கும்போது நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பாட்டின் நடுவில் வேண்டுமென்றே என்னைப் பார்த்து முழிப்பாள், நான் சிரிப்பேன், நாடா நழுவும், அம்மாவின் கை என் மண்டையில் விழும். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி அவள் கடைசிவரை ஒரு போட்டோவுக்கும் நிற்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனிக்காரர்கள் வந்து, தங்கள் படத்தில் வருகிற நாடகக் காட்சியில் ராணியாக நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று கேட்டபோது மட்டும் சம்மதித்தாள். "அதுக்கு மட்டும் ஆயுசு குறையாதாக்கும்?" என்று அம்மா சீண்டினாள். "போட்டோவுலதேன் அசையாம நிக்கணும். இதுல அசையுறேன்ல, ஒண்ணும் ஆவாது" என்றாள் சித்தி.

அந்த ராணி உடுப்புக்காக அக்காளும் தங்கையும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. சித்திக்கு அரக்குச் சிவப்பு வேண்டும். படத்தில் சிவப்பு கறுப்பாக விழும் என்று கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடைசியில் கிளிப்பச்சை வெல்வெட். பாட்டில் குரல் உச்சத்துக்கு ஏறுகிற மேல்வரிசைக்குப் போகும்போது சித்தியின் வலது கை தானாகக் காதருகே எழும் என்பதால் கைக்குழியை ஆழமாக வெட்டி உள்ளே ஒட்டுத்துணி கொடுத்தாள் அம்மா. ஒட்டியாணம் வயிற்றை அழுத்தாமல் இருக்க அதை ரப்பர் நாடாவில் கோத்தாள். ஜிகினாப் பொட்டுகள் கை உரசினால் உதிரும் என்று விலாப்பக்கம் அவற்றை வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, அக்குளிலிருந்து இடுப்புவரை பக்கத்துக்கு இரண்டு வரிசையாகக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தாள். போட்டுப் பார்க்கையில் சித்தி மூச்சு இழுக்கும்போது இடது பக்கத்து இரண்டு வரிசையும் மெல்ல விலகும், விடும்போது சேரும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சினிமாவில் பாட்டை முதலில் பதிவு செய்துகொண்டு, அப்புறம் அதை ஒலிக்கவிட்டுத்தான் படம் பிடிப்பார்களாம். சித்தி கோயம்புத்தூர் போய்ப் பாடிவிட்டு வந்தாள். படம் பிடிக்க அழைப்பு வருவதற்குள் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. உடுப்புக்குக் கொக்கி வைக்கிற வேலை மட்டும்தான் பாக்கி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்காமலேயே சித்தி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வெல்வெட்டில் மடிப்புத் தழும்பு விழக்கூடாது என்பதற்காக, தைத்து முடியாத உடுப்பின் நெஞ்சுக்குள் வெட்டுத்துணிகளைத் திணித்துத் தொங்கவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அப்படித் திணித்துத் தொங்கவிட்டிருந்த கிளிப்பச்சை உடுப்பை, காரியமெல்லாம் முடிந்த பிறகும் அம்மா இறக்கவில்லை. தலையில்லாமல், கையில்லாமல், சித்தியின் நெஞ்சு மட்டும் உள்ளறைக் கொடியில் நின்றது. மலைக்கோட்டைப் பக்கமிருந்து சாயங்காலக் காற்று வந்தால் அது மெதுவாகத் திரும்பும்; கதவைப் பார்க்கும், சுவரைப் பார்க்கும், மறுபடியும் கதவைப் பார்க்கும். அப்பா அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டார். நான் பாய் எடுக்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு போவேன், கண்ணாடிச் சில்லுகளின் சலசலப்பு கேட்டால் பாயை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன். ஒரு நாள் அம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தவள், திரும்பிப் பார்க்காமலேயே, "செத்த நேரம் சும்மா இருக்கியாடி" என்றாள். நான் அசையவேயில்லை, வாசற்படியில் இருந்தேன். அவள் என்னைச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துக் கம்பெனி மேனேஜர் வந்தார். கூடவே சின்னாளப்பட்டிச் சுங்குடி கட்டிய ஒரு ஒல்லிப் பெண். ரஞ்சிதம் என்று பெயர். சித்தியின் பாட்டுக்கு வாயசைத்து நடிக்கப் போகிறவள் அவள்தான். மேனேஜர் நல்ல மனிதர், கொங்குப் பேச்சில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, மனசு சங்கடந்தானுங்க. ஆனா அந்த உடுப்பை இந்தப் புள்ளை அளவுக்குப் புடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா..."

"அது எந்தங்கச்சி ஒடம்புக்கு வெட்டினதுங்க. வேற தச்சுத் தாரேன்."

"நாளன்னைக்கு ஷூட்டிங்குங்க. நேரமில்லீங்க. டிரெஸ் சரியா வரலைன்னா அந்த சீனே வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. சீன் போச்சுன்னா பாட்டும் போச்சுங்க."

அம்மா உள்ளறைக்குள் போனாள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும், ஆனாலும் விஷயம் புரிந்தது. சித்திக்கு ஒரு போட்டோ கூட இல்லை. அவள் உடம்பு இந்த உலகத்தில் இருந்ததற்கு அந்த உடுப்பு ஒன்றுதான் அடையாளம். வெட்டினால் உடம்பு போகும். வெட்டாவிட்டால் குரல் போகும். உள்ளேயிருந்து வெட்டுத்துணிகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. வெட்டுத்துணியை உருவ யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது.

வெளியே வந்து ரஞ்சிதத்துக்கு உடுப்பை மாட்டிவிட்டாள். வெல்வெட் அவள்மேல் தொளதொளவென்று தொங்கியது. பழக்கம் விடவில்லை, அம்மா நாடாவை அவள் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, "பாடு தாயி" என்றாள்.

"எனக்குப் பாட வராதும்மா. வாய் மட்டுந்தான் அசைப்பேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சித்தி சாதகம் செய்ததைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு முழுவதும் எனக்குப் பாடம். "ஏ புள்ள, நீ பாடு. அவ வாயசைக்கட்டும்." நான் பாடினேன். சித்தி போனபிறகு அந்த வீட்டில் யாரும் பாடியிருக்கவில்லை. ரஞ்சிதம் எனக்கு எதிரே நின்று ஒவ்வொரு சொல்லுக்கும் அச்சாக உதட்டை அசைத்தாள், கையைக் காதருகே கொண்டுபோனாள், கண்ணைச் செருகினாள், எல்லாம் சரியாக இருந்தது. மேல்வரிசை வந்தது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு மேலே போனேன். அம்மாவின் கண் நாடாவைவிட்டு நகரவில்லை.

"அசையல" என்றாள். "கொஞ்சங்கூட அசையலயே."

அந்தப் பெண் என்ன தவறு செய்தோமோ என்று பயந்து அழுதுவிட்டாள். அம்மா அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "ஓங்குத்தமில்ல ஆத்தா, நீ என்ன பண்ணுவ" என்று சொல்லி, வந்த இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.

அப்புறம் உட்கார்ந்தாள். கத்திரிக்கோலைத் தொடவில்லை. துணியைக் குறைக்காமல், சுருக்கமும் விழாமல், அதிகமாக இருந்ததையெல்லாம் இடது பக்கம் கண்ணாடி வரிசை இரண்டுக்கும் நடுவில் உள்வாங்கி மடித்து, கையால் ஓட்டுத் தையல் போட்டாள். எப்போதும் இரட்டை நூலில் இருமுறை தைக்கிறவள், அன்றைக்கு ஒற்றை நூல் கோத்தாள், முடிச்சும் போடவில்லை.

"ஏம்மா ஒத்த நூலு? இழுத்தா வந்துராதா?"

"வரட்டும்னுதேன்" என்றாள்.

படம் திண்டுக்கல்லுக்கு வந்ததும் மாட்டினி ஆட்டத்துக்குப் போனோம். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில், எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுக்கக்கூட மறந்து அம்மா உட்கார்ந்திருந்தாள். நாடகக் காட்சி வந்தது. கிளிப்பச்சை சாம்பல் நிறமாகியிருந்தது. ரஞ்சிதம் நின்றாள், அவள் வாயிலிருந்து சித்தி பாடினாள். சித்தி எங்கேயோ அடைபட்டுக்கொண்டு, கிடைத்த ஓட்டை வழியாகப் பேசுவதுபோல இருந்தது. இடது பக்கத்துக் கண்ணாடி வரிசை இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாக, ஆணி அடித்ததுபோல் நின்றன. அம்மா அந்தக் கோட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசை வந்தது. கை காதருகே எழுந்தது. குரல் ஏறியது, இன்னும் ஏறியது, உச்சத்தில் நின்றது. அப்போது அந்தக் கோடு பிளந்தது. கண்ணாடி வரிசை இரண்டும் மெல்ல விலகின. நடுவிலிருந்து வெல்வெட் விம்மி வெளியே வந்தது.

அம்மாவின் நகம் என் கையில் பதிந்தது. "எடுத்துட்டா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், யார் எதை எடுத்தார்கள் என்று எங்களிடம் விசாரித்தாள்.

படம் பிடித்தவர்கள் கவனித்திருந்தால் மறுபடி எடுத்திருப்பார்கள், கவனிக்கவில்லைபோலும். "அந்தப் புள்ள தன்னை மறந்து மூச்சு இழுத்திருக்கா, தையல் விட்டுப்போச்சு, அம்புட்டுதேன்" என்று வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள். ஆனால் மறுநாளும் போனாள். அந்தப் படம் ஊரைவிட்டுப் போகிறவரை தினமும் போனாள். யார் இழுத்த மூச்சு என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஒரு பதில் இருந்தது. எனக்கு வேறு பதில் இருந்தது, இன்றுவரை அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் படம் இப்போது எங்கும் இல்லை. விசாரித்த இடங்களிலெல்லாம் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றார்கள். கொட்டகை இருந்த இடத்தில் பாத்திரக்கடை வந்துவிட்டது. உடுப்பு கம்பெனியிலிருந்து திரும்பவில்லை. ரஞ்சிதம் அந்த ஒரு படத்துக்குப் பிறகு என்ன ஆனாள் என்று தெரியவில்லை, அம்மாவும் போய்ப் பல வருடமாகிறது. போன மாதம் என் பேத்தி தன் போனில் பழைய இசைத்தட்டுப் பாட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று சித்தி பாடினாள். யாரோ எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். பாடியவர் பெயர் தெரியவில்லை என்று கீழே போட்டிருந்தது.

நான் பாட்டுக்காரி ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றேன். ஆனாலும் அம்மா இருந்தவரை எனக்குத் தைத்த ஒவ்வொரு ரவிக்கையும் இடது பக்கம் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். கல்யாண ரவிக்கைகூட அப்படித்தான். பிடித்துத் தையம்மா என்று கோபித்துக்கொண்டால், "ஒனக்கும் மூச்சு இடது பக்கந்தேன், அன்னைக்குப் பாத்தேன்" என்பாள். இப்போது கடைத்தெரு டெய்லர் தைக்கிறார். சுத்தமான வேலை, அளவு ஒரு நூல் பிசகாது.

பேத்தியின் கையிலிருந்த போனில் மேல்வரிசை வந்தது. அதற்குச் சற்று முன்னால், இத்தனை கீறலுக்கும் இரைச்சலுக்கும் நடுவில், சித்தி மூச்சு இழுக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. என்னை அறியாமல் நானும் இழுத்தேன். இடது விலாவில் தையல் பிடித்தது. அதற்கு மேல் இழுக்க இடம் இல்லை.