வாசலிலிருந்து தெரிந்த ஆணி

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், மூன்றாவது வார்த்தைக்கே நான் பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டும். வீட்டில் அவருக்கு அரம் என்று பெயர். கையில் எப்போதும் ஓர் அரம் இருக்கும். வாயும் அதே வேலையைத்தான் செய்யும். எங்கள் அப்பாவின் ஒன்றுவிட்ட அத்தைக்குப் பேரன். அந்த வழியே அப்படித்தான். அவருடைய தாத்தா தன் தம்பியோடு ஓர் ஏணிக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, ஒழுகுகிற கூரையில் ஏறாமல் சாகும்வரை நனைந்தே கிடந்தவர்.

அரம் விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் நாற்காலி பொருத்துகிறவராக இருந்தார். விமானியின் நாற்காலி இரண்டு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நகரும். வேண்டிய இடத்தில் நிறுத்தியதும் ஓர் ஆணி துளைக்குள் இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் நாற்காலி அசையாது. இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஆணியின் தலைக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். ஆனாலும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் அங்கே முறை.

ஒரு நாள் ஒரு சின்னச் சரக்கு விமானம் கிளம்பி ஓடும்போது விமானியின் நாற்காலி பின்னால் வழுக்கிவிட்டது. விமானம் பாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் இறங்கியது. விமானிக்குக் கால் முறிந்தது.

"அவசரத்துல உள்ள ஏறலை. ஆனா விமானத்து வாசல்ல நின்னு பாத்தேன். ஆணி நல்லா இறங்கியிருந்தது. சிவப்பு தெரிஞ்சுது" என்றார் அரம், விசாரணையில்.

அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் வேறு யாருமில்லை, எங்கள் அண்ணன்தான். "வாசல்ல நின்னா ரேடியோ பொட்டி மறைக்கும். ஆணி தெரியவே தெரியாது" என்று சொல்லி, அதையே எழுதி முத்திரையும் குத்திவிட்டார். அரத்துக்கு வேலை போயிற்று. அண்ணனுக்கு முத்திரை என்று பெயர் வந்தது. வைத்தவர் அரம்தான்.

அதன் பிறகு அரம் முடிதிருத்தும் கடைகளின் சுழல் நாற்காலிகளையும் சினிமாக் கொட்டகை இருக்கைகளையும் பழுது பார்த்துப் பிழைத்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் வீட்டில் யாரும் சட்டென்று உட்கார முடியாது. "இரு" என்று தடுத்து, நாற்காலியை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களையே அப்படி நிற்க வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா, "நாங்க என்ன அவ்வளவு கனமாவா இருக்கோம்?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. சம்பந்தம் தட்டிப்போனதும் அந்த நாற்காலியால்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அண்ணி போன பிறகு அண்ணனும் அந்த வீட்டு மாடி அறைக்கே வந்து சேர்ந்தார். சாப்பாடு கீழே, அக்கா கையால். கீரியும் பாம்பும் ஒரே மேசையில் சாப்பிட்டன. நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் அக்காதான் தபால்காரி.

"உன் அண்ணன்கிட்ட சொல்லு, உப்பு இந்தப் பக்கம் வரணும்."

"உன் புருஷன்கிட்ட சொல்லு, கேட்டா குடுப்பேன். கண்ணு நல்லாத் தெரியற ஆளாச்சே, உப்பு மட்டும் தெரியலையா?"

உடனே அரத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆணி தெரியுமா தெரியாதா என்று மறுபடி ஆரம்பிக்கும். அந்த வகை விமானம் ஒன்றுகூட இப்போது இல்லை, எல்லாவற்றையும் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். போய்ப் பார்க்க வழியில்லை என்பதால் சண்டைக்கும் முடிவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பொம்மை விமானக் கடையில் அரம் ஒரு பெட்டியைப் பார்த்தார். அதே விமானம், இருபத்துநாலில் ஒரு பங்கு. ஒரு முழத்துக்கு மேல் நீளம். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் உள்ளே இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் தகடுகள்தான். தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுப்பார்களாம். மாத்திரை அட்டையில் மாத்திரை துருத்திக்கொண்டிருக்கிற மாதிரி விமானத்தின் பாதி உடம்பு இதில், பாதி அதில். வெட்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, இரண்டு பாதியையும் சேர்க்க வேண்டியது நம் பாடு. உள்ளே தரை கிடையாது, நாற்காலி கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

"வெறும் ஓடுதானே! இதுக்கா இந்தக் குதி?" என்றாள் அக்கா.

"ஓடு போதும். உள்ளுக்கு நான் இருக்கேன்" என்றார் அரம். "உன் அண்ணன்கிட்ட சொல்லு. உள்ள எல்லாத்தையும் அளவு பிசகாம கட்டப்போறேன். வாசல்ல கண்ண வெச்சுப் பாக்கட்டும். ஆணி தெரிஞ்சா அந்த ஆளு இந்த மேசையில உக்காரக் கூடாது."

அண்ணன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "தெரியலைன்னா? உன் புருஷன் அந்த ஆணியப் பத்தி அப்புறம் வாயத் திறக்கக் கூடாது. கேட்டுச் சொல்லு."

"திறக்க மாட்டாராம்" என்றாள் அக்கா, அவரைக் கேட்காமலேயே.

சாப்பாட்டு மேசையில் பாதி பறிபோயிற்று. ஐஸ்கிரீம் டப்பா மூடி தரையானது. பழைய டெலிபோன் கம்பியை உரித்து நாற்காலிக்குச் சட்டம் வளைத்தார். மாத்திரை அட்டையின் ஈயத்தாளில் இருக்கை வார் வெட்டினார். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் தலைமயிர் போல நீளும், அது நெம்புகோல்களுக்கு. அக்காவின் குண்டூசி முனையை வெட்டிச் சிவப்பு தொட்டு வைத்தார், அதுதான் ஆணி. வெள்ளைத் தூள் சாப்பாட்டுத் தட்டு வரை பறந்தது. அக்கா துடைத்துத் துடைத்து ஓய்ந்தாள்.

அளவுக்கும் சண்டைதான். நாற்காலியின் அகலம் அரத்துக்கு மனப்பாடம். ரேடியோ பெட்டி சுவரிலிருந்து எவ்வளவு துருத்தியிருந்தது என்பதற்கு மட்டும் அண்ணன் தன் முழங்கையை மேசையில் ஊன்றிக் காட்டினார். "முழங்கையிலிருந்து மணிக்கட்டு. தினம் இடிச்சுக்கிட்ட கை இது, மறக்காது." அரம் அந்தக் கையைத் தொடவில்லை. அக்காதான் நூல் பிடித்து அளந்து நீட்டினாள்.

எல்லாம் முடிந்து, இரண்டு பாதியையும் ஒட்டாமல் டேப் சுற்றி, வெட்டிவைத்த வாசல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. நானும் பார்த்தேன். அரம் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். பார்க்கவே பயமாக இருந்தது.

"மாடியில இருக்கற முத்திரையக் கூப்பிடு! தட்டத் தனியா எடுத்து வை!"

அண்ணன் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். அப்புறம் டேப்பைப் பிரித்து, உள்ளேயிருந்த ரேடியோ பெட்டியின் ஓரத்தில் நகத்தை ஓட்டினார்.

"பொட்டிய அரம் போட்டுத் தேச்சிருக்காரே, ஏன்னு கேளு."

"உள்ள போகலை. அதான் தொட்டுத் தேச்சேன்" என்றார் அரம்.

"ஏன் போகலைன்னு கேளு. வெளிய அளந்துட்டு உள்ள கட்டினா எப்படிப் போகும்? தகட்டுக்குக் கனம் இல்லையா? பொட்டியத் தேச்சா ஆணி என்ன, ஓடுபாதையே தெரியும்!"

அரம் திருட்டுத்தனம் செய்யவில்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பொம்மை கட்டுகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் அதுதானாம். ஓட்டின் வெளி அகலத்தை எடுத்துக்கொண்டு, தகட்டின் கனத்தைக் கழிக்க மறந்துவிடுவார்கள். ஆனால் மூக்கறுபட்டது அறுபட்டதுதான். அன்றைக்கு அவர் தட்டில் கை வைக்கவில்லை. அண்ணன் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையே அரம் எல்லாவற்றையும் பிய்த்தார். ஓட்டின் சுவர்களை உள்ளிருந்தே சுரண்டிச் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற அளவு மெலிதாக்கினார். புதிய தரை, புதிய பெட்டி. இந்தத் தடவை பெட்டியில் அரம் படவில்லை, அக்கா நூலில் எடுத்த அளவின்படியே முழுசாக உட்கார்ந்தது.

அண்ணன் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், மறுபடி டேப் சுற்றி வாசலில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"பாரு. என்ன தெரியுது?"

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"பொட்டி தெரியுது."

"அதுக்கு அந்தாண்ட?"

"நாற்காலி முதுகு."

"சிவப்பு?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். "தெரியுதுங்க. லேசா" என்றாள்.

"பொய் சொல்லாதடி!" என்று கத்தினார். "எனக்கே தெரியலை, உனக்கு எங்கேருந்து தெரியும்?"

அக்காவுக்கும் அன்றைக்குப் பொறுமை போயிற்று. "தெரியலைன்னா தெரியலைதான். ஆயுசு பூரா இத வெச்சே என்னை அரைச்சீங்களே" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் அவள் பின்னாலேயே போய்விட்டேன். அந்த மனிதரோடு தனியாக உட்கார எனக்கு என்ன தலைவிதி?

மாலையில் வந்து பார்த்தபோது இரண்டு பாதியும் ஒட்டியிருந்தன. வெட்டிய வாசலில் கதவு வைத்து அடைத்தாகிவிட்டது. அத்தனை பாடுபட்டுக் கட்டிய உள்ளறை வெளியே தெரிய இருந்த ஒரே வழி முன்கண்ணாடி. அதற்கும் கறுப்பு அடித்திருந்தார்.

அண்ணன் சாப்பிட வந்தார். விமானத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். புரிந்ததோடு விட்டிருக்கலாம், எங்கள் ரத்தத்தில் அந்தக் குணம் இல்லை.

"கண்ணாடி கறுப்பா இருக்கே, என்னன்னு கேளு."

"ராத்திரி பறக்கற விமானம்னு சொல்லு" என்றார் அரம், சோற்றிலிருந்து தலை தூக்காமல்.

அண்ணன் அதைக் கையில் எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ கழன்று கலகலவென்று உருண்டது.

"அடடா. ஆணி சரியா இறங்கலை போலிருக்கே" என்றார்.

அரம் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கீழ வை."

அக்கா கையில் கரண்டி அப்படியே நின்றது. வேலை போன நாளிலிருந்து அண்ணனைப் பார்த்து அவர் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது.

"வைக்கலைன்னா?" என்றார் அண்ணன். அதுவும் நேராகத்தான்.

"கை இருக்காது."

அண்ணன் வைத்தார். ஆனால் உட்கார்ந்துகொண்டே, "வாசல்ல நின்னே வேலை பாத்த பய" என்றார். "காகிதத்துல குத்தியே குடும்பத்தக் கவுத்த பய" என்றார் இவர். சோறு ஆறும்வரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். ஆணி என்ற சொல் மட்டும் அரத்தின் வாயிலிருந்து வரவில்லை. அப்புறம் எப்போதும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவர் காப்பாற்றினார்.

அக்கா விழுந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினாள். அழுத்திப் பார்க்காமல் அதில் உட்கார்ந்து, தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.

"நேராவே திட்டிக்குங்க ரெண்டு பேரும். நான் சாப்பிடறேன்" என்றாள்.