கூட்டில் நின்ற பெரிய மீன்கள்

எங்கள் அண்ணா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தார். அங்கே விலங்கியல் ஆசிரியராக இருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதியில் அகதியாகக் கனடாவில் மொன்றியலுக்கு வந்தபோது அவருடைய பட்டத்தை யாரும் கேட்கவில்லை. பக்கத்து நகரான லவாலுக்கு வடக்கே ஒரு பண்ணையில் கூலியாளாகச் சேர்ந்தார்.

பண்ணை முதலாளி ஒரு பிரெஞ்சுக்காரர். விருந்தினர் தூண்டில் போடுவதற்காக ஒரு குளம் வைத்திருந்தார். அதில் புளூகில் என்னும் தட்டை மீன்கள் விரலளவோடு நின்றுவிட்டன. அண்ணாதான் காரணம் கண்டார். குஞ்சுகள் அதிகம், இரை போதவில்லை. குஞ்சுகளைத் தின்னும் பாஸ் மீன்கள் தூண்டிலில் பட்டால் திரும்ப விடச் சொன்னார். கரையோரம் குழி பறித்துக் கூடாக்கி முட்டைகளைக் காக்கும் பெரிய ஆண் புளூகில்களையும் எடுக்கக் கூடாதென்றார். அவை போனால் சின்ன ஆண் மீன்கள் வளருமுன்பே இனம்பெருக்கத் தொடங்கி, சிறிதாகவே நின்றுவிடும். மூன்று கோடைகள் காத்தார். மீன்கள் உள்ளங்கையை மீறி வளர்ந்தன. ஊரிலிருந்து அம்மாவையும் அண்ணியையும் கனடாவுக்குக் கூப்பிடுவதற்குத் தேவையான நிரந்தர வேலைக் கடிதத்தை அடுத்த மாதம் தருவதாக முதலாளி சொன்னார்.

அந்த மகிழ்ச்சியில்தான், முதலாளியின் அனுமதியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினரைக் குளத்துக்கு அழைத்தார்.

“சின்னதுகளை எவ்வளவெண்டாலும் பிடியுங்கோ. கரையோரம் கூட்டில நிக்கிற பெரிசுகளைத் தொடாதேங்கோ.”

“ஓம் அண்ணை, தொடமாட்டம்” என்றோம்.

அண்ணா மாடுகளுக்குத் தீனி வைக்கப் போனார். கூட்டைவிட்டு அசையாத அந்த மீன்களை அவர் திரும்புவதற்குள் ஒவ்வொன்றாக இழுத்து, பெட்டிகளில் போட்டு, காரில் ஏற்றிவிட்டோம். அன்று மாலை நம் வீடுகளில் குழம்பு கொதித்தது.

மறுநாள் பெரிய மீன்களைக் காணாமல் முதலாளி கேட்டபோது, தான்தான் பிடித்ததாக அண்ணா சொன்னார். வேலை போயிற்று. கடிதமும் போயிற்று. துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கி, வேறொரு கடிதம் வாங்க இரண்டு வருடம் சென்றது. அதற்குள், ஊரில் போரால் இடம்பெயர்ந்து தங்கியிருந்த கோயில் மண்டபத்தில், காய்ச்சலுக்கு மருந்தில்லாமல் அம்மா இறந்துபோனார். அண்ணி தனியாக வந்தார். மீன் கொண்டுபோனவர்களும் துக்கம் விசாரிக்க வந்து அழுதார்கள்.

அதன்பின் அண்ணா யாரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. வீடு மாற, கடிதம் மொழிபெயர்க்க உறவினர் நீங்கள் கூப்பிட்டால் மட்டும் போனார். அவருடைய செத்தவீட்டில் அதைப் பெருந்தன்மை என்று பேசினீர்கள். வேலையை முடித்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பினாரே, அதை யாராவது கவனித்தீர்களா?

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னேன்.

“அண்ணை, அண்டைக்கு ரெண்டு மீன் நானும் எடுத்தனான்.”

“தெரியும்” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரை முகம் சுளிக்காமல் கழுவித் துடைத்த தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், துக்கம் காத்த எட்டு நாளும் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மீன் எடுத்த மற்றவர்களைப் பற்றி அண்ணா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நானும் இங்கே என்னைத் தவிர வேறு யாரையும் குறிப்பிடவில்லை. அண்ணி வீட்டில்தான் இருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அவரிடம் போய்க் கேளுங்கள்.

— தம்பி