காது ஜோசியரின் பத்துக் கோடுகள்

சாக்பீஸ் தேய்ந்து தேய்ந்து விரல்நுனி தரையில் உரசுகிறது. அவர் நிறுத்துவதாயில்லை. குதிரை லாயத்தின் முற்றத்தில், காலை ஆறரை மணிக்கு, குத்தவைத்து உட்கார்ந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு ஏழாவது கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார். முதல் கோடு வேலியிலிருந்து அறுபதடி தள்ளி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அதன்பிறகு நாளுக்கு ஆறடி முன்னே வந்து, இன்றைக்கு இருபத்துநாலடியில் நிற்கிறது. போட்டு முடித்ததும் எழுந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கோணலாயிருப்பதாக முடிவு செய்து, காலால் அழித்துவிட்டு மறுபடி உட்காருகிறார்.

வேலிக்கு அந்தப் பக்கம் குதிரை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாய். குதிரைக்கு நாயை அறிமுகம் செய்து வைக்கும் வேலைக்கு மொத்தம் பத்து நாள் ஏற்பாடாகியிருக்கிறது.

லாயத்தில் சவாரி பழக வருகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் காது ஜோசியர். குதிரையின் காதைப் பார்த்து அதன் மனதைச் சொல்லிவிடுவார். காது முன்னால் நின்றால் ஆர்வம், பக்கவாட்டில் தொங்கினால் நிம்மதி, பின்னால் படுத்தால் ஆளைவிடு என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு காதுகூட அவரிடம் பொய் சொன்னதில்லையாம். ஐந்து குதிரைகளையும் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார். தண்ணீர் வாளியைத் திருடி ஒளித்து வைப்பவன் மச்சான். காரணமில்லாமல் கடிப்பவள் நாத்தனார். யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் சம்பந்தி. சாப்பிடுவதும் தூங்குவதும் தவிர வேறொன்றும் அறியாதவன் சின்ன மாமா. இவர்கள் எல்லோரையும் ஒரு பார்வையில் அடக்குகிற வெள்ளைக் கிழக்குதிரை பெரியம்மா. பெரியம்மா சரி என்றால் லாயமே சரி என்று அர்த்தம். ஆகவே அறிமுகம் அவளுக்குத்தான்.

நாய், லாயத்துச் சொந்தக்காரியான மேடத்தின் மகளுடையது. மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது, நாய்க்குக் கிடைக்கவில்லை. கன்றுக்குட்டி உயரம், நாற்பது கிலோ எடை, எதைப் பார்த்தாலும் எச்சில் ஒழுகும் வாய். பெயர் குட்டி. மேடத்தின் வீடு லாயத்துக்கு மேலேயே இருப்பதால் நாயும் குதிரைகளும் ஒரே முற்றத்தில் காலம் தள்ளியாக வேண்டும். ஒத்துவராவிட்டால் பதினோராம் நாள் மேடத்தின் தம்பி காரில் வந்து குட்டியைக் கூட்டிப்போவதாகப் பேச்சு. தம்பி குடியிருப்பது ஒன்பதாவது மாடியில். அங்கே குட்டிக்கென்று ஒதுக்கியிருப்பது, துணி உலர்த்தும் கம்பிக்கும் ஏசி பெட்டிக்கும் நடுவே ஒரு பால்கனி. குட்டி அதில் நிற்கலாம். திரும்ப வேண்டுமென்றால் பின்னாலேயே நடக்க வேண்டும்.

"ஒத்துவருமா வராதான்னு நீங்கதான் சொல்லணும். உங்க வார்த்தைதான் முடிவு," என்று மேடம் சொல்லிவிட்டார். காது ஜோசியர் அன்றைக்கே சாக்பீஸ் வாங்கிவிட்டார், ஒரு டப்பா.

அவருடைய முறையில் முதல் படி வாசனை. நாயைத் துடைத்த துண்டைப் பெரியம்மாவின் கொட்டடிக் கதவில் தொங்கவிட வேண்டும். பெரியம்மாவைத் துடைத்த துண்டை நாயின் படுக்கையில் போட வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்பே மூக்கால் பழகிவிடுவார்கள். பெரியம்மாவை அவரே துடைத்தார், காது மடல் வரைக்கும். நாயைத் துடைக்க வேண்டிய நேரத்தில் துண்டை மேடத்திடம் நீட்டினார். "நீங்க தொட்டாத்தான் மேடம் அவருக்கு மரியாதையா இருக்கும்."

குட்டியை அவர் 'அவர்' என்றுதான் சொல்வார். நேரில் பேசும்போதும் வாங்க, உக்காருங்க, கொஞ்சம் பொறுங்கதான். நாத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டுகிற மனுஷன் ஒரு நாய்க்கு இவ்வளவு பணிவு காட்டுவதைப் பார்த்து, சவாரிக்கு வந்தவர்கள் தங்கள் பேச்சையும் கொஞ்சம் திருத்திக்கொண்டார்கள்.

அவர் நாயைப் பிடிக்கும் கயிறு முப்பதடி நீளம். மூன்று கயிறுகளை முடிச்சுப் போட்டுச் சேர்த்தது. அதன் ஒரு நுனியில் குட்டி உட்கார்ந்திருக்கும். மறு நுனியில், முப்பதடிக்கு அப்பால், இவர் நிற்பார். கேட்டால் விளக்கம் தயார். "கயிறு கிட்ட இருந்தா குதிரைக்கு நெருக்கடி. தூரமா இருந்தா குதிரை நிம்மதியா மூச்சு விடும்." குதிரையின் நிம்மதியைப் பற்றி அவர் பேசினால் எதிர்த்துப் பேச லாயத்தில் ஆள் கிடையாது.

உள்விவகாரம் ஒரே ஒருவருக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவருடைய மனைவிக்கு.

"அரை டன் குதிரையோட வயித்துக்குக் கீழ புகுந்து லாடத்தைப் பாக்குற ஆளு," என்று மனைவி தன் தங்கையிடம் போனில் சொல்வதுண்டு. "பக்கத்து வீட்டு நாய்க்குட்டி தும்மினா மாடிப்படி ஏறி நிக்கிறாருடி."

குதிரைகள் அவருடைய விலா எலும்பில் மூன்றை உடைத்திருக்கின்றன. நாத்தனாரின் பல் தடம் தோளில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. சம்பந்தி ஒருமுறை அவர் பாதத்தின் மேல் ஏறி நின்று, இறங்க மறந்து, முழுசாக ஐந்து நிமிஷம் வேடிக்கை பார்த்தார். இதெல்லாம் அவருக்குக் குடும்பச் சண்டை. நாய் எதுவும் இன்றுவரை அவரைக் கடித்ததில்லை. அதுதான் பயமே. கடித்துவிட்டிருந்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்து போயிருக்கும். இனிமேல்தானே கடிக்க வேண்டியிருக்கிறது.

"ஒத்துவராதுன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேன்," என்றார் மனைவி, பேருந்தின் கண்ணாடியைத் துடைத்தபடி. "யாரு உங்களைக் கேள்வி கேக்கப்போறாங்க?"

அவரும் அதை யோசிக்காமலில்லை. மச்சானுக்குப் பிடரிமயிர் வாரும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒத்துவராது மேடம். சரிப்படாது மேடம். மூன்றாம் தடவை குரல்கூட நன்றாகவே வந்தது. ஆனால் பெரியம்மா? நான்காம் நாளே அவள் காது முன்னால் வந்துவிட்டது. ஆறாம் நாள் பக்கவாட்டில் தொங்கியது. ஏழாம் நாள் குட்டியைப் பார்த்துக்கொண்டே வைக்கோல் மென்றாள்.

"பெரியம்மா காது அவ்ளோ தெளிவா சொல்லுது," என்றார் மனைவியிடம், பரிதாபமாக. "நான் எப்படி மாத்திச் சொல்றது?"

எட்டாம் நாள் முடிச்சு அவிழ்ந்தது. மூன்று கயிறுகளில் நடுக்கயிறு. குட்டி எழுந்தது, உடம்பை ஒரு உதறு உதறியது, இத்தனை நாளாகத் தன்னிடம் மரியாதையாகப் பேசும் இந்த மனுஷனை ஒருதரம் கிட்டத்தில் பார்க்கலாமென்று வாலை ஆட்டிக்கொண்டு அவரை நோக்கி நடந்தது.

நாய் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று குதிரைகளுக்கு அவர் ஒரு வாரமாகப் பாடம் எடுத்துவந்தார். ஓடக்கூடாது. கத்தக்கூடாது. நேருக்கு நேர் முறைக்கக்கூடாது. இடம்விட்டு நிதானமாக நிற்க வேண்டும். அவர் முறைத்தார், கத்தினார், ஓடினார். வேலியைத் தாண்டினார். ஐம்பத்தாறு வயதில், ரப்பர் பூட்ஸோடு, அந்த வேலியை அவர் எப்படித் தாண்டினார் என்பது அவருக்கே இன்றுவரை விளங்கவில்லை. தாண்டிப்போய்ப் பெரியம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

குதிரைக்குப் பின்னால்! அங்கே நிற்கவே கூடாதென்று இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தி, சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியும் வைத்திருக்கும் அதே இடத்தில், அவள் வாலைப் பிடித்துக்கொண்டு.

பெரியம்மா உதைக்கவில்லை. ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி, நீயா, என்பதுபோல் வைத்துக்கொண்டாள். குட்டி வேலிக்கு வெளியே உட்கார்ந்து எச்சில் ஒழுக்கியது. மேல் ஜன்னலில் மேடம் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார்.

"வால்ல உண்ணி இருக்கான்னு பாத்தேன் மேடம்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இருக்கா?"

"இல்ல மேடம்."

"சரி," என்று ஜன்னலைச் சாத்தினார் மேடம்.

பத்தாம் நாள், பத்தாம் கோடு, வேலியிலிருந்து ஆறடி. குட்டியை முற்றத்தை நாலு சுற்றுச் சுற்றி நடத்தி, களைக்க வைத்து, வயிற்றுக்கும் போட்டுக் கூட்டிவந்தார் மேடம். எல்லாம் ஜோசியர் சொன்ன முறைப்படி. குட்டி கோட்டில் உட்கார்ந்தது. பெரியம்மா தானாகவே வேலிக்கு வந்தாள். கழுத்தை நீட்டினாள். குட்டியும் எழுந்து வேலியருகே போய்க் கழுத்தை நீட்டியது. இரண்டு மூக்குகளும் வேலிக்கு மேல் தொட்டுக்கொண்டன. பெரியம்மா ஒரு தும்மல் போட்டு, குட்டியின் முகத்தை முழுக்க நனைத்துவிட்டு, திரும்பவும் வைக்கோலுக்குப் போனாள். காது இரண்டும் பக்கவாட்டில் தொங்கின.

முப்பதடிக்கு அப்பால், கயிற்றின் நுனியில், காது ஜோசியர் அந்தக் காதுகளைப் பார்த்தபடி நின்றார். மேடம் கையில் போன். தம்பி மறுமுனையில் காத்திருந்தார்.

"சொல்லுங்க. ஒத்துவருமா, வராதா?"

அவர் வாயைத் திறந்தார். மச்சானிடம் பழகிப் பார்த்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. குட்டி திரும்பி அவரைப் பார்த்து, ஈர முகத்தோடு வாலை ஆட்டியது. அவர் ஓரடி பின்னால் போனார்.

"பெரியம்மாவுக்குச் சம்மதம் மேடம்," என்றார். "காது தொங்குது. இனி ஒண்ணும் பயமில்ல."

"நீ வரவேண்டாம்டா," என்று போனில் சொல்லி வைத்துவிட்டார் மேடம். பிறகு கயிற்றைப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், நிதானமாக.

"குட்டிக்கும் குதிரைக்கும் நடுவுல இப்ப ஒண்ணுமே இல்ல. குட்டிக்கும் உங்களுக்கும் நடுவுல அப்படியே முப்பதடி இருக்கு. இதுல எப்ப கோடு போடப்போறீங்க?"

காது ஜோசியர் பூட்ஸைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். உண்ணி, நெருக்கடி, குதிரையின் நிம்மதி எதுவும் கைகொடுக்கவில்லை.

"எட்டாம் நாளே தெரிஞ்சுபோச்சா மேடம்?"

"முதல் நாளே தெரியும். துண்டை என்கிட்ட நீட்டினீங்களே, அப்பவே."

காது ஜோசியர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, முகத்தை, கழுத்தை, இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் அழுத்தித் துடைத்தார். நான்காக மடித்து மேடத்திடம் நீட்டினார்.

"இதை அவர் படுக்கையில போட்டுடுங்க," என்றார். சட்டைப் பையைத் தடவிப் புதுச் சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் கோடு போட்ட இடமான தண்ணீர்க் குழாயை நோக்கி நடந்தார்.