நனைந்த கரியின் எடை

பஞ்சாபகேசன் பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்தது 1929இல். குடியிருப்பு மாதுங்கா, வேலை ஒரு துணி மில்லின் பவர் ஹவுஸில். அன்றாடம் எரிந்த நிலக்கரியின் எடையை, கிடைத்த மின்சார யூனிட்டுகளால் வகுத்து ரெஜிஸ்டரில் எழுதுவார். யூனிட்டுக்கு இரண்டு ராத்தல் கரி. அதற்கு மேல் ஏறினால் கொதிகலனில் வெப்பம் வீணாகிறது என்று பொருள்.

1943 மார்ச் முதல் தேதி அது இரண்டேகால் ஆயிற்று, பிறகு இறங்கவேயில்லை. யுத்த காலம், கரிக்குப் பெரும் தட்டுப்பாடு. பதினேழாம் தேதி, புதன்கிழமை, இன்ஜினீயர் திருவேங்கடம், கொதிகலன் அடுப்பெரிக்கும் நயினாரைச் சனிக்கிழமையோடு வேலையைவிட்டு நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்.

தாராவிக்காரரான நயினார் நேரே பஞ்சாபகேசனிடம் வந்தார்.

“சாமி, மிச்சக் கரிய நான் திங்கவா செய்யுதேன்? பல்லப் பாருங்க, வெள்ளையாத்தான் இருக்கு.”

“தராசும் மீட்டரும் சொல்றதை எழுதறேன். என் கணக்குல தப்பு வராது.”

“அப்பத் தப்பு எனக்குத்தான் வரும், என்ன?”

மறுநாள் டிராமில் இடமிருந்தும் பஞ்சாபகேசன் உட்காரவில்லை. மில்லுக்குப் போனதும் மீட்டரைச் சோதித்தார். தராசில் படிக்கல் வைத்துப் பார்த்தார். வகுத்ததையெல்லாம் மறுபடி வகுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவரை இருப்புக்கொள்ளாமல் அடித்தது.

வெள்ளிக்கிழமை தராசடியிலேயே போய் நின்றார். கரி சுமக்கும் பேராச்சி, கூடையைத் தராசில் ஏற்றுமுன் அதில் சொட்டச் சொட்டத் தண்ணீர் தெளித்தாள்.

“இது எதுக்கும்மா?”

“நீங்கதானய்யா போன மாசக் கடைசியில சொன்னிய, ஏட்டுல கரித்தூசி படியுதுன்னு.”

தெளிக்காத கூடை ஒன்றை நிறுக்கச் சொன்னார். நாற்பது ராத்தல். அதிலேயே தெளித்து நிறுத்தபோது நாற்பத்தைந்து. நாற்பது நாற்பத்தைந்தானால் இரண்டு இரண்டேகாலாகும்; வகுத்துப் பார்க்கக் காகிதம் தேவைப்படவில்லை. பதினான்கு வருஷத்தில் ஒரு திருத்தமும் இல்லாத ரெஜிஸ்டர். கொதிகலனை இரண்டு முறை சுற்றி வந்தார். பிறகு திருவேங்கடத்தின் அறைக்குள் போனார்.

“தண்ணியையும் சேர்த்துக் கரின்னு எழுதிட்டேன், சார். நயினார் மேல தப்பில்லை.”

“உம்ம நம்பரை வெச்சுன்னா மேலே ரிப்போர்ட் அனுப்பினேன், ஓய்?”

“அதுக்கும் திருத்தம் எழுதிண்டு வந்திருக்கேன். கையெழுத்துப் போடணும்.”

திருவேங்கடம் கையெழுத்திட்டார். நயினாரின் வேலை நிலைத்தது. பஞ்சாபகேசனுக்கு அந்த வருஷம் வரவேண்டிய ஹெட் கிளார்க் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

“புதன்கிழமையே தராசடிக்கு வந்திருக்கலாம்லா, சாமி?” என்றார் நயினார்.

1951இல் ஓய்வு பெறும்வரை அவர் மதியச் சாப்பாட்டை ஒரே மூச்சில் முடித்ததில்லை. பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய், கரிக்குள் விரல்விட்டு ஈரம் பார்த்துவிட்டு வருவார்.