போர்வெல் விட்ட மூச்சு

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒரு போர்வெல் இருந்தது. அது மூச்சு விட்டது. இப்போது என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். காரணத்தை விளக்கியதும் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. கட்டடத்தில் கீழே நாங்கள், மாடியில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு அண்ணனும் அக்காவும் அவர்களுடைய கைக்குழந்தையும். அதற்கு மேலே மொட்டை மாடி. காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வராது, எல்லாவற்றுக்கும் போர்வெல்தான். அதன் மோட்டார் கெட்டுவிட்டது என்று பொங்கலுக்கு முன்பே வெளியே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது சரியாகி வரும்வரை, விடியற்காலையில் டேங்கர் வந்து தரைக்கடியில் இருந்த சம்ப்பை நிரப்பிவிட்டுப் போகும். கட்டடத்தின் ஓனர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். எப்போது கேட்டாலும், "போர்ல நீரு ஜாஸ்தி இருக்கு சார். மோட்டார் வந்தா இறக்கறது ஒண்ணுதான் பாக்கி. யோச்னெ மாட்பேடி," என்பார். அப்பாவும் அதன்படி யோசிக்காமல் இருந்தார்.

யோசித்திருக்க வேண்டிய சமயம்தான் அது. ஓனர் இரண்டு வீடுகளையும் விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். கீழ்வீட்டை நாங்கள் வாங்குவதாகப் பேச்சு. அம்மா அந்த வீட்டை ஏற்கெனவே மனதுக்குள் வாங்கி முடித்திருந்தாள். சமையலறையில் எந்தச் சுவரை இடிப்பது, பூஜை அலமாரியை எங்கே வைப்பது, ஜன்னலுக்கு என்ன நிறம் என்று அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அப்பா முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது, போர்வெல் குழாயின் வாயில் போட்டிருந்த சாக்கு அசைவதைப் பார்த்தேன். வெளியே துளிக் காற்று இல்லை. பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் ஓர் இலைகூட ஆடவில்லை. சாக்கின் ஓரம் மட்டும் மெல்ல எழும்பி, நடுங்கி, மறுபடி எழும்பியது. மேலே வைத்திருந்த செங்கல்லை நகர்த்திவிட்டுக் குனிந்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. ஈர மண்ணும் துருவும் கலந்த வாசனை. காதைக் கொண்டுபோனால், யாரோ வாயைக் குவித்து வெகு நேரமாக ஊதிக்கொண்டே இருப்பதுபோல ஒரு சத்தம்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகுமுன் போய்ப் பார்த்தேன். சாக்கு பள்ளமாக உள்ளே இழுக்கப்பட்டிருந்தது.

பயந்தேன் என்று சொல்ல முடியாது. பயத்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கிற புத்தி எனக்கு அப்போதே இருந்தது. ஊதுபத்தியை ஏற்றிக் கொண்டுபோனேன். காலையில் புகை வளைந்து குழாய்க்குள் இறங்கியது, மதியத்துக்கு மேல் பிடித்தால் மேலே தள்ளிவிட்டது. நோட்டுத்தாளை வைத்தேன், காலையில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் பையைக் குழாய் வாயில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது ஆள் தலை அளவுக்கு உப்பி நின்று, யாரையோ தேடுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. அன்று இருட்டுவதற்குள் அதே பை சுருங்கி, உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரண்டு, குழாய்க்குள் தொங்கியது.

துணி காயப்போட இறங்கி வந்த மாடி வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். "உள்ள யாரோ படுத்துனு இருக்காங்க பாப்பா. எழுப்பாத," என்றாள். மறுநாள் குழாய் அருகே குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது.

எங்கள் பள்ளியில் அந்த வருடம் சுற்றுச்சூழல் மன்றம் என்று ஒன்று இருந்தது. வடக்கே வெகு தூரத்தில், ஏரிக்கரையில் இருக்கிற ஒரு பள்ளியோடு சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் அறையிலிருந்து வீடியோவில் பேசுவோம். பூமியைப் பற்றிய செய்திகளை இரு பக்கமும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் நாங்கள் சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருந்தவை. துணிப்பை, மரம் நடுதல், பனிக்கரடி. பனிக்கரடியைப் பற்றி அவர்களுக்கே நாங்கள் சொன்னோம். எங்கள் சயின்ஸ் மிஸ் கடைசியில் பொறுக்க முடியாமல், இனி அவரவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவின் போனில் போர்வெல்லின் சத்தத்தைப் பதிவு செய்து எடுத்துப்போனேன். அன்று பெற்றோரும் வரலாம் என்று சொல்லியிருந்ததால் அப்பா கடைசி வரிசையில், சிறு பிள்ளைகளின் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

முதலில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அவர்களுடைய ஏரியின் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். உறைந்த ஏரி சத்தம் போடும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அடியில் யாரோ ஒரு நீளக் கம்பியைச் சுண்டிவிட்டதுபோல் கிளம்பி, கரைக்குக் கரை ஓடித் தேய்ந்தது. இப்போதெல்லாம் அது சரியாக உறைவதில்லை, அதனால் மேலே நடக்க விடுவதில்லை என்று சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் சொன்னாள்.

அடுத்து என்னுடையது. அறையின் ஸ்பீக்கரில் போர்வெல்லின் மூச்சு, அது நிஜத்தில் இருந்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. எங்கள் பக்கம் யாரும் அசையவில்லை. திரையில் அவர்களுடைய முகங்களும் அப்படியே நின்றன. படம் உறைந்துவிட்டதோ என்று மிஸ் எழுந்துபோய் வயரைப் பார்த்தார். உறையவில்லை. அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

காலையில் உள்ளே இழுக்கிறது, மதியத்துக்கு மேல் வெளியே விடுகிறது என்று சொல்லி முடித்தேன். அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் பெண் நிதானமான ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அவ்வளவு காற்று உள்ளே போக வேண்டுமானால் உள்ளே இடம் வேண்டுமே. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?"

"தண்ணீர்," என்றேன்.

சரியான பதில் என்று எனக்கே தெரிந்தது. மிஸ் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியியல் படித்த பிறகுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது. மேலே இருக்கிற காற்றின் எடை ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஏறும்போது பூமிக்குள் இருக்கும் காலி இடத்துக்குள் காற்று போகிறது. இறங்கும்போது வெளியே வருகிறது. அவ்வளவுதான். மூச்சு எவ்வளவு நீளமோ, உள்ளே காலி அவ்வளவு பெரிது. எங்கள் போர்வெல் மதியம் முழுக்க விட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் குழாயிடம் போனார். சாக்கை எடுத்துவிட்டு உள்ளங்கையை மேலே பிடித்தார். பிறகு ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி உள்ளே போட்டார். குழாயின் சுவரில் ஒரு முறை தட்டியது. இன்னொரு முறை. அப்புறம் வேறு எங்கோ, இன்னும் கீழே. தட்டல் மெலிந்துகொண்டே போய் நின்றது. நாங்கள் குனிந்தபடியே இருந்தோம். மூச்சு மட்டும் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

"தண்ணில விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

"இல்லப்பா."

மாடியில் அக்கா குழந்தைக்குப் பாட்டுப் பாடுவது கேட்டது. அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன்ல இருக்கிறத மாடியில போட்டுக் காட்டாத."

"ஏம்பா?"

"அக்கா பயந்துக்கும்."

அது சரியென்றே எனக்குப் பட்டது. எலுமிச்சம்பழம் அங்கேயேதான் கிடந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அப்பா ஓனரிடம் ஆபீஸில் மாற்றல் என்று சொன்னார். வேறு யாராவது வாங்க வந்தால்தான் முன்பணம் திரும்பும் என்று ஓனர் சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மாடி வீட்டு அண்ணன் தயங்கித் தயங்கி வந்து, நீங்கள் நிஜமாகவே வேண்டாம் என்கிறீர்களா, அப்படியானால் நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா, குழந்தையை வைத்துக்கொண்டு படியேறுவது சிரமமாக இருக்கிறது என்று கேட்டார். அப்பா, நல்ல வீடுதான், ராசியான வீடு என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

அக்கா கிண்ணம் நிறையப் பாயசம் கொண்டுவந்தாள். ஊரில் இருக்கிற நகையை விற்கப் போவதாக அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னாள். போகும்போது என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஃபாரின் பசங்களுக்கெல்லாம் நம்ம போர்வெல்லைப் போட்டுக் காட்டினியாமே. எனக்குக் காட்ட மாட்டியா?"

அப்பா செய்தித்தாளை விலக்கவில்லை.

"நீங்க பயந்துப்பீங்க அக்கா," என்றேன்.

"யாரு, நானா? இனிமே அது எங்க வீட்டுப் போர்வெல்லு. எழுந்து வந்தா சோறு போடுவேன்," என்று சிரித்தாள்.

உலகத்தின் மறுகோடி வரைக்கும் போன சத்தம், எங்கள் வீட்டு மாடிப்படி ஏறவில்லை.

நகரின் மறுபக்கம், பிரேசர் டவுனில் ஒரு சிறிய வாடகை வீடு கிடைத்தது. அங்கே காவிரித் தண்ணீர் வரும். மாற்றலான அப்பா அங்கிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கே போய் வந்தார். அதில் இருந்த கோளாறுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பிய அன்று, டெம்போவில் எது ஏறியது, எது ஏறவில்லை என்று பார்ப்பதை என்னிடம் விட்டிருந்தார்கள். பின்பக்கம் போனேன். தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய நீல டிரம்கள், மூடியோடு வரிசையாக நின்றன. இரண்டு எங்களுடையவை. மற்றவை புதியவை; கடைக்காரனின் தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

"அப்பா, டிரம்மெல்லாம் விட்டுப்போச்சு."

"இருக்கட்டும். அவங்களுக்கு ஆகும்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அக்காவுக்குக் கூச்சமாகிவிட்டது. "எதுக்கு சார் இவ்ளோ? நம்மகிட்டதான் போர் இருக்குதே," என்றாள்.

அப்பா டெம்போவின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

வண்டி மேம்பாலம் ஏறியது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். புத்தம்புது டிரம்களை யாரும் கேட்காமலேயே கொடுத்துவிட்டு வருகிற அப்பா யாருக்கு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பெருமையோடு அவர் தோளில் சாய்ந்தேன்.