முட்டாத குதிரைகள்

லிக்காயுஸ் குதிரைப்படையில் பதினோரு வருடம் இருந்தவன். பயிற்சியின்போது ஒரு குதிரை கேடய வரிசைமேல் பாய மறுத்து நின்றுவிட்டது. அதிகாரி அதைச் சாட்டையால் விளாச, இவன் போய்ச் சாட்டையைப் பிடுங்கிவிட்டான். அதற்குத் தண்டனையாகக் காலாட்படைக்கு, எங்கள் கூடாரத்துக்கு அனுப்பினார்கள்.

“வந்துட்டாருய்யா லாயத்து ராஜா” என்று எங்கள் கூடாரத்துப் பின்னெஸ் தினமும் சீண்டுவான். லிக்காயுஸ் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

அந்த இலையுதிர் காலத்தில் எண்பது பேர் வைக்கோல் வண்டிகளோடு டான்யூப் ஆற்றங்கரையில் வந்துகொண்டிருந்தோம். ஆற்றைக் கடந்து வந்து மரத்தோப்பில் பதுங்கியிருந்த எதிரிகள் திடீரென வெளிப்பட்டார்கள். இருநூறு குதிரைகள், நீள நீளமான ஈட்டிகள். பின்னெஸ் திரும்பி ஓட இடம் தேடினான்.

லிக்காயுஸ் எங்கள் தலைவரிடம் போனான். “ஐயா, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வண்டி. நடுவுல நாலு வரிசையா நெருக்கி நிக்கச் சொல்லுங்க. ரெண்டு கேடயத்துக்கு நடுவுல விரல்கூட நுழையக் கூடாது.”

“ஏறி மிதிச்சிராதா?” என்றான் பின்னெஸ்.

“மேல உக்காந்திருக்கறவன் சாகத் துணிவான்டா. குதிரை துணியாது. செவுருன்னு நெனச்சா நின்னுரும். நீ ஓடினா அதுக்கு வழி கெடைச்சிரும்.”

தலைவர் அவன் சொன்னபடியே நிறுத்தினார். குதிரைகள் கிளம்பின. தரை அதிர்ந்தது. என் கேடயத்தைப் பக்கத்துக் கேடயத்தோடு அழுத்திக்கொண்டேன். நாற்பது அடி, இருபது அடி.

“காதப் பாருங்கடா, பின்னால மடிக்குது, பயந்துருச்சு” என்றான் லிக்காயுஸ். “அசையாதீங்க.”

பத்தடியில் முன்வரிசைக் குதிரைகள் காலை ஊன்றி நின்றன. பின்னால் வந்தவை அவற்றின்மேல் மோதின. ஒருத்தன் குதிரைக் கழுத்தைத் தாண்டிப் பின்னெஸின் கேடயத்தடியில் வந்து விழுந்தான். மற்றவை விலா தெரியத் திரும்பி, எங்கள் வரிசையோரமாகவே ஓடின. வேல்களை எறிந்தோம். ஒன்றும் வீணாகவில்லை.

இரண்டாம் முறை பாதி வேகத்தில்தான் வந்தன. மூன்றாம் முறை, எவ்வளவு உதைத்தும் குதிரைகள் நகரவில்லை.

“நடங்கடா” என்றார் தலைவர். நடந்தோம். குதிரைக்காரர்களைக் காலாட்கள் துரத்திய கூத்தை அன்றுதான் பார்த்தேன். எங்களில் நான்கு பேருக்குக் காயம், ஒருவரும் சாகவில்லை. பதினொரு குதிரைகள் கையில் கிடைத்தன.

மாலையில் முகாமே ஆர்ப்பரித்தது. லிக்காயுஸை மட்டும் காணோம். பிடிபட்ட குதிரைகளின் கால்களை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“எந்திரிங்க அண்ணே” என்றான் பின்னெஸ். “எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க.”

“இன்னும் மூணு பாக்கி இருக்குடா.”

நாங்கள் கேட்கவில்லை. கேடயத்தில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனோம்.